பதினாறாவது கம்பி

நீளம் 133.35 மில்லிமீட்டர். பச்சைப் பலகை. ஒரு முகத்தில் வரிசையாக எட்டுக் கறுப்புச் சிப்கள். மறுமுகத்தில் சிப் எதுவும் இல்லை. கீழ் விளிம்பில் பொன் பூசிய முனைகள், பக்கத்துக்கு 120 வீதம் மொத்தம் 240. சிப்களின் மேல் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரில் ‘4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு’ என்று அச்சிட்டிருக்கிறது. ஓரத்தில் நான்கு இலக்கங்கள்: 1327. அதாவது 2013ஆம் ஆண்டின் 27ஆவது வாரம், ஜூலைத் தொடக்கம்.

இந்த ரேமை நான் முதலில் பார்த்தது சென்னை ரிச்சி தெருக் கடையொன்றில், ‘டெட்’ என்று மார்க்கரால் எழுதிய அட்டைப்பெட்டிக்குள். அந்தப் பெட்டி நிறைந்தால் எடைக்குப் போகும். முனைகளில் இருக்கும் பொன்னுக்காக அமிலத்தில் முங்கும். ஆனால் இந்த ரேம் சாகவில்லை, ஒருநாளும் பழுதானதுமில்லை. தன்னைச் செருகிய போர்டில் ஒரு கம்பி இல்லாத காரணத்தால் அதற்குச் சாவுச் சான்றிதழ் எழுதிவிட்டார்கள். நம் ஊரில் நல்ல ரேம்கள் எத்தனையோ இப்படித்தான் எடைக்குப் போகின்றன. ஆகவே இதன் வரலாற்றை ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஆதி என்றால் 1966. அமெரிக்காவில் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் ராபர்ட் டென்னார்டு என்ற பொறியாளர், ஒரு பிட்டை வைத்திருக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்று கண்டார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. ‘டிராம்’ என்று பெயர்பெற்ற இந்த அமைப்புக்கு 1968 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. டென்னார்டு 2024இல் காலமாகும்வரை உலகில் விற்ற கணினிகளின் முதன்மை நினைவகம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒற்றை யோசனையின்மேல்தான் நின்றது, இன்றும் நிற்கிறது. அந்த மின்தேக்கி மிகச் சிறியது, கசியும். அதனால் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு நிரையையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். கணினி ஓடும் நேரமெல்லாம் இந்த வேலை நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது.

நம் கதைக்கு இதைவிட முக்கியமான இன்னொரு மூதாதை உண்டு. 1973இல் மாஸ்டெக் நிறுவனம் எம்கே4096 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. 4,096 பிட்களில் எது வேண்டும் என்று சொல்ல 12 பிட் முகவரி தேவை. பன்னிரண்டு கால்கள் வைத்தால் சிப் பெரிதாகும், விலை கூடும். மாஸ்டெக் பொறியாளர்கள் ஆறு கால்களை மட்டும் வைத்தார்கள். முதலில் அந்த ஆறிலும் நிரையின் எண்ணை அனுப்புவது. அடுத்து அதே ஆறிலும் நிரலின் எண்ணை அனுப்புவது. பள்ளிக் கணக்கில் அணிகளுக்குச் சொல்லித்தந்த அதே நிரையும் நிரலும்தான். போட்டியாளர்களின் சிப்களுக்கு 22 கால்கள் இருந்தபோது மாஸ்டெக்கின் சிப் 16 கால்களில் அடங்கியது. இந்தச் சிக்கனம் அன்றிலிருந்து டிராம் குலத்தின் வழக்கமாகிவிட்டது. கம்பி என்றால் காசு. தேவைக்குமேல் ஒரு கம்பிகூட யாரும் இழுக்கமாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ரேமின் சிப்களில் எஸ்கே ஹைனிக்ஸின் முத்திரை இருக்கிறது. அந்நிறுவனத்தின் டிராம் ஆலைகள் அப்போது இரண்டு ஊர்களில் இருந்தன: கொரியாவின் இச்சோன், சீனாவின் வூஷி. இரண்டில் ஒன்றுதான் இதன் சொந்த ஊர். இச்சோன் மட்பாண்டத்துக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். மண்ணை வனைந்து சுட்ட ஊரில் மணலிலிருந்து எடுத்த சிலிக்கானில் நினைவகம் செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. 300 மில்லிமீட்டர் வட்டத் தகட்டில் சிப்கள் நூற்றுக்கணக்கில் உருவாகி, சோதனை முடிந்து, நறுக்கப்பட்டு, அடியில் 78 பற்றாசுக் குண்டுகள் கொண்ட உறைக்குள் அடைபட்டு, எட்டெட்டாகப் பலகையில் பற்றவைக்கப்பட்டன.

ஏன் எட்டு? டெஸ்க்டாப் கணினி ரேமிடம் ஒரே நேரத்தில் 64 பிட் கேட்கும். சிப் ஒவ்வொன்றும் எட்டு பிட் தரும். எட்டு எட்டு அறுபத்து நான்கு. இப்படி 64 பிட்டை நிறைக்கும் ஒரு கூட்டத்துக்கு ‘ரேங்க்’ என்று பெயர். ஸ்டிக்கரில் உள்ள 1ஆர்எக்ஸ்8 சொல்வது இதைத்தான்: ஒரு ரேங்க், எட்டு பிட் சிப்கள். 4ஜிபி என்றால் 32 கிகாபிட். எட்டால் வகுத்தால் சிப்புக்கு நான்கு கிகாபிட்.

இரண்டு ஆண்டுகள் முன்பு செய்திருந்தால் இதே 4ஜிபி வேறு உருவில் இருந்திருக்கும். 2011 வாக்கில் சந்தையில் மலிவாக இருந்தவை இரண்டு கிகாபிட் சிப்கள். அவற்றில் பதினாறு வேண்டும்: முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு. இரண்டு ரேங்க், 2ஆர்எக்ஸ்8. ஆலைகளில் கோடுகள் மெலிய மெலிய நான்கு கிகாபிட் சிப் மலிந்தது. பாதிச் சிப்கள், குறைந்த மின்சாரம், குறைந்த விலை, அதே 4ஜிபி. எந்த விதத்தில் பார்த்தாலும் முன்னேற்றம். ஆனால் இந்த ரேமைப் பின்னாளில் ‘டெட்’ பெட்டிக்குள் தள்ளியது இந்த முன்னேற்றமேதான்.

2013 செப்டம்பர் 4 அன்று வூஷி ஆலையில் தீப்பிடித்தது. உலகச் சந்தையில் ரேம் விலை ஏறியது. நம் ரேம் அதற்கு இரண்டு மாதம் முன்பே புறப்பட்டுவிட்டது.

எங்கே போனது? பெரிய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்டிக்கர், பிராண்டட் டெஸ்க்டாப்போடு சேர்ந்து வந்த சரக்கு என்று சொல்கிறது. அதாவது ஏதோ ஓர் அலுவலகம். அங்கே கழிந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர்சாதன அறை, காலையில் ஆன், மாலையில் ஆஃப். ரேமுக்கு இதைவிடச் சுகவாசம் கிடையாது. அசையும் பாகம் எதுவும் இல்லாததால், மின்சாரம் ஒழுங்காக இருந்து சூடும் அளவோடு இருந்தால் அதற்குத் தேய்மானம் மிகமிகக் குறைவு. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தது. மார்ச்சில் ஊரடங்கு வந்தது, மேசைகள் காலியாகி லேப்டாப்கள் வீடுகளுக்குப் போயின. 2021இல் வந்த விண்டோஸ் 11 பழைய பிராசசர்களை ஏற்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க டெஸ்க்டாப்கள் லாட் லாட்டாக ஏலம் போன காலம் அது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளில், பழையதைச் சீர்செய்து விற்பவர்களுக்கும் பதிவு செய்ய ஒரு தனி இனம் உண்டு. அந்த வழியிலும், அதற்கு வெளியிலும், அலுவலகக் கணினிகள் பிரிந்து பாகம் பாகமாக ரிச்சி தெருவுக்கு வந்து சேர்கின்றன.

வானொலி உதிரிபாகங்களில் தொடங்கிய சந்தை அது. அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று கிளைகளாகப் பரவியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து கழற்றிய ரேமை அங்கே ‘புல்-அவுட்’ என்பார்கள். தொழில் தெரிந்த கடைக்காரர் ரேம் கேட்டு வருபவரிடம் விலை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: “என்ன போர்டு?” அந்தக் கேள்வி கேட்கப்படாத ஒரு நாளில்தான் நம் ரேம் விற்பனையானது.

வாங்கியது திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ். அங்கே இருக்கும் கணினியை எளிதில் மாற்ற முடியாது. இருபது வருஷ வேலையெல்லாம் பேஜ்மேக்கர் 7இல், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கிறது. அந்த எழுத்துரு மென்பொருளுக்குப் பூட்டு ஒன்று உண்டு. அது பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகியிருந்தால்தான் தட்டச்சு நடக்கும். பெரும்பாலான புதிய போர்டுகளில் அந்த போர்ட்டே கிடையாது. எனவே எல்ஜிஏ775 சாக்கெட் கொண்ட, ஜி41 சிப்செட் போர்டுள்ள பழைய அசெம்பிள்டு செட் அங்கே இன்னும் உழைக்கிறது. விண்டோஸ் 7, 32 பிட். ரேம் ஸ்லாட் இரண்டு. இரண்டிலும் ஒவ்வொரு ஜிபி. வாடிக்கையாளர்கள் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்ததிலிருந்து பிரவுசரைத் திறந்தால் பேஜ்மேக்கர் திணறுகிறது. அதனால்தான் ரேம் வாங்கினார்கள்.

அச்சகத்துக்கு வழக்கமாக வரும் சர்வீஸ் பையன் பழைய இரண்டையும் கழற்றிவிட்டு இதைச் செருகி ஆன் செய்தான். நீளமாகக் கூவியது, டிஸ்ப்ளே வரவில்லை. முனைகளை ரப்பரால் தேய்த்துச் செருகினான். அதே கூவல். “ரேம் டெட்ண்ணே, மாத்திட்டு வந்துடறேன்” என்று ரிச்சி தெருவுக்குப் போனான். கடையில் மறுபேச்சில்லாமல் இன்னொரு 4ஜிபி கொடுத்தார்கள், அதுவும் எட்டுச் சிப். அதற்கும் அதே கூவல். இரண்டு ரேமும் டெட்டாக இருக்க முடியாது என்று அவன் யோசித்தது சரிதான். ஆனால் அந்த யோசனையிலிருந்து அவன் போய்ச் சேர்ந்த முடிவு, “போர்டு போச்சுண்ணே.” அச்சகக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம். போனில் அழைத்து, “தம்பி, போர்டு போயிடுச்சாம். பூட்டு போடுற ஓட்டை இருக்கிற போர்டு எங்கயாச்சும் கிடைக்குமா?” என்றார். குரலில் பதற்றம். முகூர்த்த மாதம்.

இங்கேதான் பொறுமை வேண்டும். ரேம் சிக்கலில் சந்தேகத்தை ஒவ்வொன்றாகக் கழிக்கவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று ஒருக்காலும் தெரியாது. அச்சகத்துக்குப் போய், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டோம். பழைய ஒரு ஜிபியில் ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டபோது டிஸ்ப்ளே வந்தது. அதையே இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றினோம், அங்கும் வந்தது. மற்றொன்றும் அப்படியே. ஆகப் போர்டு நன்றாக இருக்கிறது, இரண்டு ஸ்லாட்டும் நன்றாக இருக்கின்றன. அச்சகக்காரர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகு புதிதாக வந்த 4ஜிபியைத் தனியே போட்டோம், கூவியது. காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, பயாஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி போட்டோம், கூவியது. அந்தக் கூவல் பயாஸின் மொழியில், ‘பயன்படுத்தத்தக்க நினைவகம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை’ என்பது. பையன் அதை ‘நினைவகம் செத்துவிட்டது’ என்று வாசித்தான். இரண்டும் வேறு வேறு.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. முனைகளைத் தேய்ப்பது மூடநம்பிக்கை இல்லை. பொன் துருப்பிடிக்காது, ஆனால் பூச்சு மெல்லியது, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும், கடற்கரை ஊரில் ஈரக்காற்று வேறு. எத்தனையோ செட்கள் ஒரு தேய்ப்பில் உயிர்பெற்றதைக் கண்டிருக்கிறேன். முரட்டு ரப்பர் பூச்சையே உரித்துவிடும் என்பதால் நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சையே விரும்புவேன். ஆனால் எதைத் தேய்த்தாலும் இல்லாத கம்பி முளைக்காது.

ரேமை ஸ்லாட்டில் செருகி மின்சாரம் கொடுத்ததும் முதலில் பேசுவது கறுப்புச் சிப்கள் அல்ல. பலகையின் நடுவே எட்டுக் கால்கள் கொண்ட ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. நம் ரேமின் தலைமுறையான டிடிஆர்3இல் அதன் கொள்ளளவு வெறும் 256 பைட். ரேமின் சாதகம் அதில்தான் எழுதியிருக்கிறது: என்ன இனம், எத்தனை ரேங்க், என்ன வேகம், எத்தனை நிரை, எத்தனை நிரல். பயாஸ் இதைப் படித்துத்தான் நினைவகக் கட்டுப்பாட்டகத்தை அமைக்கும். நிரை நிரல் கணக்கு இருப்பது 5ஆம் எண் பைட்டில். பதினாறின் அடிமான எண்முறையில் அங்கே 19 என்று இருந்தால் நிரைக்கு 15 பிட், நிரலுக்கு 10 பிட். 21 என்று இருந்தால் நிரைக்கு 16 பிட், நிரலுக்கு 10.

இரண்டு கிகாபிட் சிப்பில் வங்கி எனப்படும் ஒவ்வோர் உட்பிரிவுக்கும் 32,768 நிரைகள். பதினைந்து கம்பிகளில் சொல்லிவிடலாம். நான்கு கிகாபிட் சிப்பில் 65,536 நிரைகள்; பதினாறு கம்பிகள் வேண்டும். ஜி41 வந்தது 2008இல். அதன் சிப்செட்டிலிருந்து ரேமுக்குப் போகும் முகவரிக் கம்பிகள் சுழியிலிருந்து பதினான்கு வரை எண்ணிட்டவை. மொத்தம் பதினைந்து. பதினாறாவது கிடையாது.

கதவு எண்ணுக்கு இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தை வைத்துக்கொண்டு நூறாம் எண் வீட்டுக்குத் தபால் அனுப்ப முடியாது. வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறார், தெருவும் நல்ல தெருதான்.

வடிவமைத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2007இல் வெளியிட்ட டிடிஆர்3 தரநிலையில் நான்கு கிகாபிட்டுக்கும் எட்டு கிகாபிட்டுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது உண்மை. ஸ்லாட்டின் 240 முனைகளில் 171ஆவது முனை அந்தப் பதினாறாவது முகவரிக் கம்பிக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் நான்கு கிகாபிட் டிடிஆர்3 சிப்பை சாம்சங் அறிவித்ததே 2009 ஜனவரியில்தான். ஜி41 விலை குறைந்த போர்டுகளுக்கான சிப்செட். அன்று சந்தையில் இல்லாத சிப்புக்காக ஒரு கம்பியை யார் இழுப்பார்கள்? மாஸ்டெக் காலத்துச் சிக்கனம் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. அதோடு, அந்தத் தலைமுறை இன்டெல் கணினிகளில் நினைவகக் கட்டுப்பாட்டகம் பிராசசருக்குள் இல்லை, போர்டில் பற்றவைத்த சிப்செட்டில் இருந்தது. எனவே பிராசசரை மாற்றினாலும் பயனில்லை. பயாஸைப் புதுப்பித்தாலும் பயனில்லை. மென்பொருளால் கம்பி இழுக்க முடியாது. சில ஜி41 போர்டுகள் இத்தகைய ரேமில் பாதியை மட்டும் காட்டி ஓடும். பெரும்பாலானவை கூவிவிட்டு நின்றுவிடும்.

பத்தாண்டு மூத்த கணினிகளிலும் இதே நாடகம் நடந்தது. 1998இல் வந்த 440பிஎக்ஸ் சிப்செட் போர்டில், எட்டே சிப் கொண்ட 256எம்பி ரேமைப் போட்டால் 128எம்பிதான் தெரியும். பதினாறு சிப் கொண்டதைப் போட்டால் முழுதும் தெரியும். அன்றும் ‘பாதி ரேம் போச்சு’ என்றுதான் சொன்னார்கள்.

பதினாறு சிப் என்றால் ஜி41க்கு ஆகும், எட்டுச் சிப் என்றால் ஆகாது என்று ஒரு வாய்ப்பாடு சர்வீஸ் கடைகளில் உலவுகிறது. 4ஜிபி ரேமைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரிதான், ஆனால் ஏமாற்றவும் கூடும். ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று மலிவாக ஒருவகை 4ஜிபி ரேம் விற்கிறது. அதிலும் பதினாறு சிப் இருக்கும். ஆனால் அவை எட்டு பிட் சிப்கள் அல்ல, நான்கு பிட் சிப்கள். பதினாறும் சேர்ந்துதான் ஒரு ரேங்க். நிரலுக்கு 11 பிட். சர்வர்களுக்கென்று செய்த அமைப்பு அது. ஏஎம்டியின் கட்டுப்பாட்டகத்துக்கு அது புரியும்; இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகளுக்குப் புரியாது. இங்கே எண்ணிக்கை உதவாது, சிப்பின் மேல் உள்ள பொடி எழுத்தைப் படிக்கவேண்டும். சாம்சங் சிப்பில் கே4பி2ஜி0846 என்று தொடங்கினால் 2ஜி என்பது இரண்டு கிகாபிட், 08 என்பது எட்டு பிட், ஜி41க்கு ஆகும். கே4பி2ஜி0446 என்றால் நான்கு பிட், ஆகாது. கே4பி4ஜி0846 என்றால் நான்கு கிகாபிட்; அதுவும் ஆகாது. கைபேசியை விளக்காகவும் பூதக்கண்ணாடியாகவும் வைத்துக்கொண்டால் கடை வாசலிலேயே முடிந்துவிடும் வேலை.

பையனிடம் இதையெல்லாம் சொன்னபோது உற்றுக் கேட்டான். கெட்டிக்காரன். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ‘டெட்’ என்ற சொல் ஒன்றையே தொழிலோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல் விழுந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. நல்ல ரேம் பெட்டிக்குள் போகிறது, நல்ல போர்டு குப்பைக்குப் போகிறது, அச்சகக்காரர் வட்டிக்குக் கடன் வாங்கிப் புது செட் பார்க்கிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பழுது என்று சொல்லும் முன் அந்த ரேமை அது வாழ்ந்த மாதிரியான இன்னொரு போர்டில் ஒருமுறை போட்டுப்பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

அச்சகத்துக்கு என்ன தீர்வு? 32 பிட் விண்டோஸ் 7இல் 4ஜிபி போட்டாலும் ஏறத்தாழ 3.25ஜிபிதான் புழங்கும், மிச்ச முகவரிகளை போர்டின் மற்ற சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே 4ஜிபி ரேமைத் தேடி அலையவே வேண்டாம். இரண்டு கிகாபிட் சிப் எட்டு கொண்ட 2ஜிபி ரேம் இரண்டு போதும். நிரைக்கு 15 பிட், நிரலுக்கு 10; ஜி41 பேசும் மொழியேதான். இரண்டு ஸ்லாட்டிலும் ஒன்றொன்று போட்டால் இரட்டைத் தடத்தில் வேகமாகவும் ஓடும். 2ஜிபி ரேம் இன்று யாருக்கும் வேண்டாத சரக்கு. ரிச்சி தெருவில் கூடையில் குவிந்து கிடக்கிறது.

பையனையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். உரிமையாளர் பெரியவர். முன்பு விற்றது அவரில்லை, புதிதாகச் சேர்ந்த உதவியாளர். விஷயத்தைச் சொன்னதும், “ஜி41ன்னு சொல்லியிருந்தா நானே தந்திருக்க மாட்டேனே சார்” என்றார். பையன் ‘டெட்’ பெட்டிக்குள் கைவிட்டு 1327 என்ற ஸ்டிக்கரைத் தேடி எடுத்தான். கடையின் சோதனை மேசையில் ஜி41க்குப் பின்னால் வந்த ஹெச்61 போர்டு ஒன்று கேஸ் இல்லாமல் விரித்துவைத்திருந்தது. அதில் செருகி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பவர் முனைகளைத் தொட்டார்கள். ஒரே குட்டிக் கூவல், திரையில் 4096எம்பி. பெரியவர் பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். உள்ளே இருந்தவற்றில் எட்டுச் சிப் 4ஜிபிகளை மட்டும் பொறுக்கி உதவியாளரிடம் கொடுத்து, “எல்லாத்தையும் இதுல போட்டுப் பாரு” என்றார்.

1327ஐயும் 2ஜிபி இரண்டையும் வாங்கிக்கொண்டோம். 2ஜிபிகளை அச்சகத்தில் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டோம். ரேம் சரியாக இருக்கிறது என்று நான் நம்புவதற்கு அதுதான் அளவுகோல். டிஸ்ப்ளே வருவது மட்டும் போதாது. கசியும் ஒரே ஒரு பிட் இருந்தாலும் பத்திரிகையில் மணமகன் பெயர் தவறாகப் போகலாம், கோப்பு பாதியில் சிதையலாம். காலையில் பிழை எதுவும் இல்லை. பேஜ்மேக்கரும் வாட்ஸ்அப்பும் இப்போது ஒருசேரத் திறக்கின்றன. பூட்டு தன் இடத்தில் இருக்கிறது.

1327ஐ சர்வீஸ் பையன் தன் தங்கைக்கென்று கேட்டான். அவள் பாலிடெக்னிக் மாணவி. வீட்டில் ஹெச்61 போர்டு கொண்ட பழைய செட், லினக்ஸ் போட்டது. அதிலும் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+, பிழை இல்லை. பிறகு லினக்ஸில் அந்த 256 பைட் சாதகத்தைப் படித்துக்காட்டும் கட்டளையை அவளே தட்டினாள். புதியதற்கு 8 × 16 × 10 × 64 என்று வந்தது: எட்டு வங்கி, நிரைக்கு 16 பிட், நிரலுக்கு 10, அகலம் 64. ஏற்கெனவே அந்த செட்டில் இருந்த 4ஜிபிக்கு 8 × 15 × 10 × 64, ரேங்க் இரண்டு. அதைக் கழற்றிப் பார்த்தபோது இருபுறமும் சிப்கள், ஸ்டிக்கரின்படி 2011ஆம் ஆண்டுச் சரக்கு. ஹெச்61இல் கட்டுப்பாட்டகம் பிராசசருக்குள் இருக்கிறது, முகவரிக் கம்பிகள் பதினாறும் இருக்கின்றன, இரண்டு வகையும் அதற்குச் சம்மதம். 1600 வேகத்தில் ஓடக்கூடிய 1327, பக்கத்து ரேமுக்காகவும் அந்த பிராசசருக்காகவும் 1333க்கு இறங்கி ஓடுகிறது.